மலைக்கு இந்தப் பக்கம் நின்ற உதவி: நேபாள நிலநடுக்கம், 2015 – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் தனிமனிதர் பெயர் எதுவும் வராது. அமைச்சர், அதிகாரி, தன்னார்வலர், வீடிழந்தவர் என்று அவரவர் இருந்த இடத்தை வைத்தே சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் இருந்தவர் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்று பார்ப்பதற்குப் பெயர் தேவைப்படவில்லை. பேரிடர் நடந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்து, பணமோ பொருளோ திரட்டக் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அந்தத் துடிப்பு நல்லது. ஆனால் 2015-இல் நேபாளத்தில் அது எங்கே போய் முட்டி நின்றது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பின்னணி

நேபாளத்துக்கு நிலநடுக்கம் புதிதல்ல. 1934-இல் நேபாளத்தையும் பீகாரையும் சேர்த்து உலுக்கிய பெரும் நடுக்கத்தைப் பாட்டன் பாட்டி சொல்லிக் கேட்ட குடும்பங்கள் காத்மாண்டுவில் இன்றும் உண்டு. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து யூரேசியத் தட்டுக்கு அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் ஒருநாள் வெடிக்கும் என்று புவியியலாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தார்கள்.

தயாரிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காத்மாண்டு பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்களை முன்கூட்டியே வலுப்படுத்தியிருந்தார்கள். அவை நடுக்கத்தைத் தாங்கி நின்றன. நிவாரணப் பொருளை இறக்கிப் பிரித்து அனுப்புவதற்கென்று விமான நிலையத்தை ஒட்டி ஒரு கிடங்குத் திடலை ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அமைத்திருந்தது. அந்த வேலை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 'காத்மாண்டு லிவிங் லேப்ஸ்' என்ற உள்ளூர் அமைப்பின் இளைஞர்கள் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் இணையத்தில் யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய திறந்த வரைபடத்தில் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்கள்.

இல்லாமல் போனது வேறொன்று. 1997-க்குப் பிறகு நேபாளத்தில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2002-இல் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி யாரும் கிடையாது. அரசு நியமித்த செயலர்தான் எல்லாம், பல இடங்களில் ஒரே செயலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிராமங்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் ஊரில் இருக்கிறார், யார் வளைகுடாவுக்குப் போயிருக்கிறார் என்று வீடுவீடாகத் தெரிந்த, மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் அரசுப் பக்கத்தில் இல்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஏப்ரல் 25: நடந்தது

சனிக்கிழமை, முற்பகல் 11:56. கோர்கா மாவட்டத்தின் பர்பாக் பகுதியை மையமாகக் கொண்டு 7.8 அளவில் நிலம் ஆடியது. நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. பள்ளிகள் பூட்டியிருந்தன. கிராமங்களில் பெரும்பாலோர் வயலிலும் வெளியிலும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் சேதமான அந்த நாள் பள்ளி நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகவோ, அந்த நேரம் நள்ளிரவாகவோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது.

கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். 22,000-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஏறத்தாழ 5 லட்சம் வீடுகள் முற்றாக இடிந்தன. இன்னும் இரண்டரை லட்சம் வீடுகள் பாதி சேதம். சிந்துபால்சோக் மாவட்டத்தில் மட்டும் 3,400-க்கும் அதிகமான உயிர்கள் போயின. லாங்டாங் கிராமத்தின் மேல் பனியும் பாறையும் சரிந்து ஊரையே மூடிவிட்டன. காத்மாண்டுவின் அடையாளமாக நின்ற தரஹரா கோபுரம் அடிக்கட்டையாக நின்றது. கல்லையும் மண்ணையும் குழைத்துக் கட்டிய மலை வீடுகள்தான் அதிகம் விழுந்தன. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். இறந்தவர்களில் தாமாங் என்ற மலைவாழ் சமூகத்தினரின் பங்கு மிக அதிகம்.

பிரதமர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். சொந்த நாட்டில் நடந்ததை அண்டை நாட்டுப் பிரதமரின் ட்விட்டர் பதிவைப் பார்த்துத்தான் அறிந்ததாக அவரே பின்னர் சொன்னார். இதைச் சொல்லி அவரை எள்ளியவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது, மாவட்டத்திலிருந்து தலைநகருக்கும் தலைநகரிலிருந்து பிரதமருக்கும் செய்தி போகும் வழி எவ்வளவு மெலிந்திருந்தது என்பதுதான்.

முதல் மூன்று நாள்: யார் யாரைத் தூக்கினார்கள்

அரசு அன்றே சர்வதேச உதவி கேட்டது. அது சரியான முடிவு, தயங்காமல் எடுத்த முடிவு. இந்திய விமானப்படையின் முதல் விமானங்கள் அன்று மாலையே மீட்புக் குழுவோடு காத்மாண்டுவில் இறங்கின. சீனக் குழு மறுநாள் வந்தது. அப்புறம் ஒவ்வொரு நாடாக. 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் மீட்புக் குழுக்கள், மோப்ப நாய்கள், கான்கிரீட்டை அறுக்கும் கருவிகள். இலங்கை ராணுவத்தின் குழுவும் வந்தது. 2004 சுனாமியில் உலகம் முழுவதிலுமிருந்து உதவி பெற்ற நாடு, இந்த முறை உதவி செய்ய வந்திருந்தது.

வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்டவர்கள் 16 பேர். அவர்களில் 11 பேரை மீட்டது, அருகிலிருந்து முதல் நாளே வந்து சேர்ந்த இந்தியத் தேசியப் பேரிடர் மீட்புப் படை.

இந்த எண்ணைச் சொல்லி யாரையும் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஐந்தாம் நாள் காத்மாண்டுவில் 15 வயதுச் சிறுவன் ஒருவனை நேபாள ஆயுதக் காவல்படையினர் அமெரிக்கக் குழுவின் துணையோடு வெளியே கொண்டுவந்தபோது கூடியிருந்தவர்கள் எழுப்பிய ஆரவாரம் பொய்யில்லை. ஒரு உயிர் என்றாலும் உயிர்தான். ஆனால் இடிபாட்டில் சிக்கியவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்களும், நேபாள ராணுவமும், காவல் துறையும்தான். கையால், கடப்பாரையால், மண்வெட்டியால், முதல் சில மணி நேரத்துக்குள். கடல் தாண்டி வருகிற குழு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அந்தச் சில மணி நேரத்தைப் பிடிக்க முடியாது. தவிர, அந்தக் குழுக்கள் பயிற்சி பெற்றது கான்கிரீட் மாடிக் கட்டடங்களில். மண்வீடு விழுந்தால் உள்ளே மூச்சுவிட இடுக்கே இருக்காது.

மே 4-ஆம் தேதி வாக்கில், வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் பணியை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று அரசு சொன்னது. அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சிலர் வருந்தினார்கள். அந்த நேரத்தில் காத்மாண்டுவின் ஒரே ஓடுதளத்தில் எதற்கு இடம் கொடுப்பது என்ற கேள்வி அரசின் முன் இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு நியாயமானது, கொஞ்சம் முன்னதாகவே எடுத்திருக்கலாம் என்றுகூடச் சொல்வேன்.

ஒரே ஒரு ஓடுதளம்

திரிபுவன் விமான நிலையத்தில் ஒரே ஓடுதளம், சுமார் 3,050 மீட்டர். நேபாளத்துக்கு அன்று இருந்த ஒரே சர்வதேச விமான நிலையமும் அதுதான். விமானம் நிறுத்த இடம் சொற்பம். சுமை இறக்கும் இயந்திரமும் அதை ஓட்டும் ஆளும் அதைவிடச் சொற்பம். ஊழியர்களுக்கும் வீடு இடிந்திருந்தது, அவர்கள் குடும்பமும் திறந்தவெளியில் படுத்திருந்தது என்பதை வெளியிலிருந்து குறைசொன்னவர்கள் நினைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

நிவாரண விமானங்கள் வானில் வட்டமடித்துக் காத்திருந்து, இறங்க இடமில்லாமல் இந்திய நகரங்களுக்குத் திரும்பின. மீட்புக் குழு, மருத்துவர், கூடாரம், குடிநீர், தங்கள் நாட்டுச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போக வந்த விமானம், செய்தியாளர்கள் என்று எல்லோரும் ஒரே வாசலில் நின்றார்கள். மே 3 அன்று, ஓடுதளம் சேதமடைவதால் 196 டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய விமானங்கள் இறங்கக் கூடாது என்று அதிகாரிகள் தடை போட்டார்கள். ஒரே நடையில் நிறையச் சுமக்கக்கூடிய விமானங்கள் வர முடியாமல் போயிற்று. பார்க்கப்போனால் கொடுமையான முடிவு. ஆனால் ஓடுதளம் முற்றாகப் பெயர்ந்திருந்தால் சிறு விமானமும் வந்திருக்காது. அந்தத் தடையைப் போட்ட அதிகாரிக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நிலநடுக்கத்துக்கு முன்பே அமைத்த கிடங்குத் திடல் இங்கேதான் கைகொடுத்தது. அது இல்லாவிட்டால் இறக்கிய பொருளை வைக்கவே இடமிருந்திருக்காது. ஒரு மாதம் தாமதமாகியிருந்தால்கூட இந்தக் கதை வேறாக இருந்திருக்கும்.

சுங்கத் துறையும் டூனா மீனும்

முதல் வாரத்தின் முடிவில் உலகத்தின் கோபம் சுங்கத் துறை மீது திரும்பியது. விமான நிலையத்தில் பொருள் தேங்கிக் கிடந்தது. இந்திய எல்லையில் நிவாரண லாரிகள் நின்றன. அமைதிக்காலத்து விதிமுறைகளை இப்போது பிடித்துக்கொண்டிருக்காதீர்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் மூத்த அதிகாரிகள் பகிரங்கமாகவே கேட்டுக்கொண்டார்கள். அரசு கூடாரத்துக்கும் தார்ப்பாய்க்கும் வரிவிலக்கு அறிவித்தது. மற்றவற்றைச் சோதித்துத்தான் விடுவோம் என்றது.

அதே நாட்களில் நேபாள நிதியமைச்சர், டூனா மீனும் மயோனைசும் வந்திருக்கின்றன, எங்களுக்கு வேண்டியது தானியமும் உப்பும் சர்க்கரையும் என்று வருத்தத்தோடு சொன்னார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதைத் துணுக்குச் செய்தியாகப் போட்டன. எனக்கு அது இந்த ஆய்வின் மையத்தில் இருக்கிற வாக்கியமாகப் படுகிறது. நாகப்பட்டினத்தில் சுனாமிக்குப் பிறகு சாலையோரம் மலையாகக் குவிந்து, யாரும் தொடாமல் மழையில் நனைந்து கிடந்த பழைய துணிகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது உடனே புரியும். அனுப்பியவர் மனம் நல்ல மனம்தான். ஆனால் ஒவ்வொரு தேவையில்லாத மூட்டையும் தேவையான ஒரு தார்ப்பாயின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஓடுதளம் உள்ள நாட்டில் அது வெறும் வீண்செலவோடு முடிவதில்லை. மலைமேல் ஒரு குடும்பம் இன்னொரு இரவு நனைகிறது.

அதனால் எதைச் சோதிப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் உரிமை நேபாளத்துக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தவறு எங்கே என்றால், அந்தப் பட்டியல் ஏப்ரல் 24-ஆம் தேதியே தயாராக இருந்திருக்க வேண்டும். என்னென்ன வேண்டும், என்னென்ன வேண்டாம், எது நேரே வெளியே போகும் என்று ஒரு தாள். அது இல்லாததால், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அதிகாரி தனியாக யோசித்து, தனியாகப் பயந்து, கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

பணம் யார் கையில்?

அரசு 'ஒரே வாசல்' கொள்கையை அறிவித்தது. வருகிற உதவியெல்லாம் அரசு வழியாக வரட்டும், பணம் பிரதமரின் பேரிடர் நிவாரண நிதிக்குப் போகட்டும், ஏப்ரல் 25-க்குப் பிறகு நிவாரணத்துக்கென்று புதிதாகத் திறந்த வங்கிக் கணக்குகளில் சேரும் பணமும் அந்த நிதிக்கே மாற்றப்படும் என்ற செய்தி பரவியது. உலகமெங்கும் இருந்த நேபாளிகள் கொதித்தார்கள். நிவாரண நிதிக்கு இனி ஒரு ரூபாய் தரமாட்டோம் என்று எழுதினார்கள். ஏற்கெனவே பதிவு பெற்று இயங்கும் அமைப்புகளுக்கு இது பொருந்தாது என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் போன நம்பிக்கை விளக்கத்தால் திரும்பி வருவதில்லை.

அரசின் காரணத்தையும் சொல்ல வேண்டும். பேரிடரின் பெயரால் பணம் திரட்டி ஏமாற்றுகிறவர்கள் எல்லா நாட்டிலும் முளைப்பார்கள். ஒரே ஊருக்குப் பத்து அமைப்பு போய், பக்கத்து ஊருக்கு ஒருவரும் போகாத நிலை கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. சாலையோர கிராமத்துக்கு மூன்று முறை அரிசி வந்தது; இரண்டு நாள் நடக்க வேண்டிய கிராமத்துக்கு ஒரு முறைகூட வரவில்லை. இதை ஒழுங்குபடுத்த அரசு விரும்பியது சரி. ஆனால் ஒழுங்குபடுத்த வேண்டியது யார் எந்த ஊருக்குப் போகிறார் என்பதை. அரசு முதலில் கைவைத்தது யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதில்.

மக்கள் என்ன சொன்னார்கள்

சொந்த ஊருக்குப் போக லட்சக்கணக்கானோர் காத்மாண்டுவை விட்டுக் கிளம்பினார்கள். சிறப்புப் பேருந்து விடுவதாக அரசு சொல்லியிருந்தது. ஏப்ரல் 29 அதிகாலையில் வந்து காத்திருந்தவர்களுக்குப் பேருந்து வரவில்லை. கூட்டம் சாலையை மறித்தது. கலவரத் தடுப்புப் போலீசோடு தள்ளுமுள்ளு ஆனது. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் நின்ற கூட்டம் அது.

இன்னொரு கோபம் கத்தாரிலிருந்து வந்தது. கால்பந்து உலகக் கோப்பைக்காக அங்கே கட்டுமான வேலை செய்த நேபாளிகள் பலருக்கு, வீட்டில் இழவு விழுந்தும் ஊருக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை என்று நேபாளத் தொழிலாளர் அமைச்சர் வெளிப்படையாகக் குறை சொன்னார். இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. இடிபாட்டை அகற்றவும் வீட்டை எழுப்பவும் வேண்டிய வயதுடைய ஆண்கள் பல கிராமங்களில் ஊரிலேயே இல்லை. அதே சமயம் அவர்கள் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு நேரே அனுப்பிய பணம்தான் எந்த வாசலிலும் நிற்காமல் போய்ச் சேர்ந்த உதவி.

மே 3-ஆம் தேதி வாக்கில், இந்திய ஊடகங்களே வீட்டுக்குப் போங்கள் என்ற முழக்கம் ட்விட்டரில் முதலிடத்துக்கு வந்தது. இந்தியாவின் உதவியை வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்களில் அதிகம் பேர் இல்லை. ராணுவ ஹெலிகாப்டரில் ஏறி வந்து, பிள்ளையை இழந்தவர் முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டி, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டதையும், மீட்புப் பணியைத் தங்கள் நாட்டின் வெற்றி விழாவாகக் காட்டியதையும்தான் அவர்கள் தாங்கவில்லை. அந்த ஹெலிகாப்டரில் ஒரு கேமராவும் ஆளும் ஏறினால் ஒரு காயம்பட்டவர் இறங்க வேண்டும். இந்தக் கணக்கு மலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எவரெஸ்ட் பக்கம் சிக்கிய மலையேறிகளை ஹெலிகாப்டர்கள் இறக்கிக் கொண்டுவந்த காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியபோது, எங்கள் ஊருக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. பிரிட்டன் அனுப்பிய மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் இந்தியாவரை வந்து, நேபாளத்தின் அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போயின. அவற்றின் காற்று வீச்சில் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கும் வீடுகள் விழும் என்று காரணம் சொல்லப்பட்டது. ஹெலிகாப்டருக்கு ஏங்கிக்கொண்டிருந்த மக்களுக்கு இந்தக் காரணம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் நடுவில் காத்மாண்டு இளைஞர்கள் செய்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது. காத்மாண்டு லிவிங் லேப்ஸ், எந்த ஊரில் என்ன தேவை என்று வருகிற செய்திகளை வரைபடத்தில் ஏற்றியது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மலைப்பாதையையும் வீட்டையும் வரைந்தார்கள். இன்னும் பலர் மோட்டார் சைக்கிளில் அரிசியையும் தார்ப்பாயையும் கட்டிக்கொண்டு தங்கள் சொந்த மாவட்டத்துக்கே போனார்கள். பாதை எங்கே அறுந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வழியில் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

மே 12: மறுபடியும்

கொஞ்சம் மூச்சுவிட்ட நேரத்தில், மே 12 நண்பகல் தாண்டி 7.3 அளவில் இன்னொரு நடுக்கம், இந்த முறை கிழக்கே தோலகா பக்கம். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதி நின்ற வீடுகளும் விழுந்தன. அன்று நிவாரணப் பணியிலிருந்த அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று மலையில் விழுந்து 6 அமெரிக்கப் படையினரும் 2 நேபாள ராணுவ வீரர்களும் உயிரிழந்தார்கள். வீட்டுக்குள் திரும்பத் தொடங்கியிருந்தவர்கள் மறுபடி வெளியே வந்து படுத்தார்கள்.

மழைக்கு முன் தகரம்

ஜூனில் மழை இறங்கிவிடும். கையில் இருந்தது ஐந்து வாரம்கூட இல்லை. இந்த இடத்தில் எடுத்த முடிவுகள்தான் இந்த நிகழ்விலேயே நன்றாக அமைந்தவை.

கூடாரம் மலை மழையைத் தாங்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மக்கள் கேட்டது 'ஜஸ்தா', அதாவது நெளிநெளியான கூரைத் தகரம். இடிந்த வீட்டின் மரத்தையும் கல்லையும் வைத்துச் சட்டம் கட்டி, மேலே தகரம் போட்டால் இரண்டு மழைக்காலம் ஓட்டலாம். பிறகு அதே தகரம் புது வீட்டுக்கும் கூரையாகும். வீடு முற்றாக இடிந்த குடும்பத்துக்குத் தற்காலிகக் கூரைக்கென்று 15,000 நேபாள ரூபாய் தருவதென அரசு முடிவு செய்தது. உதவி அமைப்புகளும் தகரமாகவோ பணமாகவோ கொடுக்கத் திரும்பின. பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்ற பழைய பயத்தை இந்த அனுபவம் பொய்யாக்கியது. தகரக் கொட்டகைகள் மலைச்சரிவெங்கும் மழைக்கு முன்பே எழுந்தன. விலை ஏறியது, தட்டுப்பாடு வந்தது, உண்மைதான். ஆனாலும் எழுந்தன.

சாலையே இல்லாத ஊர்களுக்கு உலக உணவுத் திட்டம் இன்னொரு வழி பிடித்தது. அந்த ஆண்டு சுற்றுலா நின்றுபோனதால் வேலையிழந்த சுமைதூக்கிகளையும் மலை வழிகாட்டிகளையும் ஆயிரக்கணக்கில் கூலிக்கு அமர்த்தி, அறுந்த மலைப்பாதைகளைச் சீர்செய்து, முதுகிலும் கோவேறு கழுதையிலும் பொருளை ஏற்றியது. ஹெலிகாப்டரை மட்டும் நம்பாமல் பாதைகள் திறந்தன. கூலி அதே மலைக்குடும்பங்களுக்குப் போனது. நிவாரணம் முடிந்த பிறகும் பாதை மிஞ்சியது.

வாக்குறுதிப் பணமும் வீடும்

ஜூன் 25 அன்று காத்மாண்டுவில் கொடையாளர் மாநாடு நடந்தது. சேதமும் இழப்பும் சேர்த்து சுமார் 700 கோடி டாலர் என்ற கணக்கு முன்வைக்கப்பட்டது. ஏறத்தாழ 440 கோடி டாலர் தருவதாக நாடுகளும் வங்கிகளும் வாக்களித்தன. பாதிக்கு மேல் இல்லையென்றாலும் பெரும் பகுதி கடன். இந்தியா மட்டும் 100 கோடி டாலர் அறிவித்தது.

பணம் தயார். செலவிட அமைப்பு இல்லை. மறுகட்டமைப்பு ஆணையத்துக்கான அவசரச் சட்டத்தை நாடாளுமன்றம் உரிய காலத்துக்குள் நிறைவேற்றாததால் அது காலாவதியானது. தலைவர் யார், எந்தக் கட்சி ஆள் என்ற இழுபறி வேறு. செப்டம்பரில் புதிய அரசமைப்புச் சட்டம் வந்தது. அதை எதிர்த்துத் தெற்கே தராய் பகுதியில் ஏற்கெனவே நடந்துவந்த போராட்டம் தீவிரமானது. இந்திய எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. எரிவாயு, டீசல், மருந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஏப்ரலில் முதல் நாளே உதவி வந்த அதே எல்லை வழியாக, குளிர்காலத்தில் எரிபொருள் வரவில்லை. தகரக் கொட்டகையில் அந்தக் குளிரைக் கடந்தவர்களுக்கு யார் மீது தவறு என்ற விவாதத்தால் ஒரு போர்வையும் கிடைக்கவில்லை.

ஆணையம் கடைசியில் 2015 டிசம்பர் 25 அன்று உருவானது. நடுக்கம் நடந்து சரியாக எட்டு மாதம் கழித்து. வீடு கட்ட முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய் என்றார்கள், அப்புறம் 3 லட்சமாக உயர்த்தினார்கள். மூன்று தவணை. ஒவ்வொரு தவணைக்கும் பொறியாளர் வந்து, கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்கும் முறையில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நிபந்தனை நல்லது. அதே வீட்டை அதே மாதிரி கட்டினால் அடுத்த நடுக்கத்தில் அதே சாவு. ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பெண்களும் கரண்டி பிடித்தார்கள்.

ஆனால் 3 லட்சத்தில் ஒரு மலைக்குடும்பத்தின் வீடு எழும்பாது. மீதியை வட்டிக்கு வாங்கினார்கள், ஊர் வட்டி ஆளை விழுங்கும் வட்டி. தவணை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று பலர் விதிப்படி ஒரே அறை வீடு ஒன்றைக் கட்டிவிட்டு, அதில் தானியத்தை வைத்துக்கொண்டு, தாங்கள் பழைய தகரக் கொட்டகையிலேயே படுத்தார்கள். நிலப்பத்திரம் இல்லாதவர்கள், குடியுரிமைச் சான்று இல்லாத பெண்கள், பிறர் நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த தலித் குடும்பங்கள் பட்டியலில் ஏறவே போராட வேண்டியிருந்தது.

ஆணையத்தின் காலம் 2021 டிசம்பரில் முடிந்தது. உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்களில் பெரும்பாலோரின் வீடுகள் அதற்குள் எழும்பிவிட்டன. மெதுவாக நடந்தது, ஆனாலும் நடந்தது. புதிய தரஹரா கோபுரமும் அதே ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

மீட்புக் குழு அனுப்பும் தொலைதூர நாடுகள், இரண்டாம் நாள் முடிவதற்குள் இறங்க முடியாது என்று தெரிந்தால் அந்த விமானத்தில் எலும்பு முறிவுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரையும் தார்ப்பாயையும் ஏற்றியிருக்க வேண்டும். மோப்ப நாய் வந்து இறங்கும் படம் அந்த நாட்டு மக்களுக்கு ஆறுதல் தரும். இடுப்பெலும்பு முறிந்து காத்திருந்தவருக்கு அதனால் பயனில்லை.

சுங்கப் பட்டியலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதோடு, தலைநகரின் ஒரே ஓடுதளத்தை மட்டும் நம்பாமல், எல்லையிலுள்ள சாலை வாயில்களுக்கும் கிடங்குத் திடல் அமைத்திருக்கலாம். இந்தியாவில் வாங்கி லாரியில் கொண்டுவரக்கூடிய தகரத்தையும் அரிசியையும் விமானத்தில் ஏற்றியதற்குக் காரணமே இல்லை.

உள்ளாட்சி வெற்றிடம் நிலநடுக்கத்துக்கு முந்தைய குற்றம். தேர்தல் 2017-இல்தான் நடந்தது. கிராமத்தில் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கும், மக்கள் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய ஒரு ஆள் 2015-இல் இருந்திருந்தால், எந்த ஊருக்கு மூன்று முறை போனது, எந்த ஊருக்குப் போகவே இல்லை என்பது முதல் வாரமே தெரிந்திருக்கும். வீட்டுக்கான கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

பொருள் திரட்டும் சாதாரண மக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மூட்டை கட்டுவதற்கு முன், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள். காத்மாண்டுவில் இருந்த யாரைக் கேட்டிருந்தாலும் ஏப்ரல் கடைசியிலேயே சொல்லியிருப்பார்கள்: தார்ப்பாய், அப்புறம் தகரம், ஆணி, அதை வாங்கப் பணம். துணியும் டப்பா உணவும் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.